புது ஸ்போர்ட் செடானோடு வந்த டயர்: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி இதுதான்: புதிதாக வாங்கிய ஸ்போர்ட் செடான், முன்சக்கர இழுவை, 18 அங்குல ரிம், 225/45 அளவு டயர். 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கரடான தார்ச்சாலையில் இரைச்சல் அதிகம். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஒரு மந்தம். மழையில் வளைவு எடுத்தால் முன்பக்கம் வெளியே நழுவுகிறது. "காரோடு வருவதெல்லாம் செலவைக் குறைக்கப் போட்ட டயர், உடனே மாற்று" என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் அதே பெயருள்ள டயருக்குச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது. யாரை நம்புவது?

சொல்லியிருக்கும் மூன்று குறைகளில் இரைச்சலும் மந்தமும் காத்திருக்கலாம். மழையில் நழுவுவதை மட்டும் இந்த வாரமே கவனியுங்கள். காரோடு வந்த டயரை எடைபோடும்போது பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். தினமும் காதில் விழுகிற இரைச்சல் எரிச்சலூட்டுகிறது. மாதத்தில் ஒரு நாள் வரும் மழை மறந்துபோகிறது. டயரின் தகுதியைச் சொல்வது அந்த ஒரு நாள்தான். என் பதில் முழுவதும் இந்த நிலையிலிருந்துதான் வருகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒரு கார் வடிவமைப்பில் இருக்கும்போதே கார் நிறுவனம் டயர் நிறுவனங்களிடம் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுக்கும். உருளும்போது ஏற்படும் தடை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், எடை இவ்வளவு, காய்ந்த சாலையில் பிரேக் தூரம் இவ்வளவு, ஈரச் சாலையில் இவ்வளவு, உள்ளே கேட்கும் சத்தம் இவ்வளவு, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இத்தனை விரைவாகக் கார் பதில் சொல்ல வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல். டயர் நிறுவனங்கள் மாதிரிகளைச் செய்து தரும். அவற்றைக் காரில் மாட்டி ஓட்டிப் பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்பி, மறுபடி செய்யச் சொல்லி, பல சுற்றுகளுக்குப் பிறகு ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏ.பி.எஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (கார் நழுவினால் திருத்துவது), சஸ்பென்ஷன் எல்லாம் அந்த டயரை மாட்டித்தான் சரிசெய்யப்படுகின்றன. ஆகவே கிடங்கில் கிடந்த மலிவான டயரை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பது சரியில்லை. அந்தப் பட்டியலில் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மைலேஜ் எண்ணும், மின்சாரக் காரானால் ஒரு சார்ஜில் போகும் தூரமும் விற்பனைத் தாளில் அச்சாகின்றன. ஈரச் சாலையில் எத்தனை மீட்டரில் கார் நிற்கும் என்பது எந்த விற்பனைத் தாளிலும் வருவதில்லை. உருளும் தடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும். கார் நிறுவனத்துக்கு அது பெரிய லாபம். அதற்காக ரப்பர் கலவையைச் சற்று மாற்றலாம், ட்ரெட்டின் (சாலையைத் தொடும் ரப்பர் பகுதி) ஆழத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், உடலை இலகுவாக்கலாம். கடையில் தனியாக விற்கும் டயரை விடக் காரோடு வரும் டயர் சில சமயம் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம். டயர் நிறுவனங்கள் கடை டயருக்குத் தரும் கிலோமீட்டர் உத்தரவாதம் காரோடு வந்த டயருக்குப் பெரும்பாலும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே கொஞ்சம் ஆழமாகப் போக விரும்புகிறேன், ஏனென்றால் "மைலேஜ் டயர் என்றால் மழையில் வழுக்கும்" என்ற பழைய பேச்சு முழுக்கச் சரியில்லை. உங்கள் டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் ஒரு முறை நசுங்கி மீள்கிறது, அப்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. அதுதான் உருளும் தடை. பிரேக் பிடிக்கும்போது நடப்பது வேறு: சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் ரப்பர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்து ஆற்றலை விழுங்குகிறது. அதுதான் பிடிப்பு. இரண்டும் வெவ்வேறு அதிர்வெண்ணில் நடப்பதால், ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்ட ரசாயனத்தில் வழி உண்டு. கரித்தூளுக்குப் பதிலாகப் பெரும்பகுதி சிலிக்காவைச் சேர்த்து மிஷெலின் 1992-ல் கொண்டுவந்த 'பச்சை டயர்' அந்த வழியைத்தான் பிடித்தது. இன்று நல்ல டயர்கள் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. என்றாலும் உருளும் தடை, ஈரப்பிடிப்பு, தேய்மானம் மூன்றையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக யாராலும் முடிவதில்லை. மூன்றில் எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதைத்தான் உங்கள் டயரில் தேட வேண்டும்.

தேடலை டயரின் பக்கச் சுவரிலிருந்து தொடங்குங்கள். ஒரு டார்ச்சோடு குனிந்து உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. முதலில் அளவு. 225/45 ஆர்18 95 ஒய் என்றிருந்தால், அகலம் 225 மி.மீ, பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மி.மீ. 95 என்ற எண் ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்கிறது. அதே அளவில் 91 என்றிருந்தால் 615 கிலோதான். கடைசி எழுத்து வேகம்: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. நீங்கள் அந்த வேகத்துக்குப் போகப்போவதில்லை, ஆனால் எச்சுக்கும் ஒய்க்கும் உள்ளே கட்டுமானமே வேறாக இருக்கும். ஸ்டீயரிங்கில் அது தெரியும். ஸ்போர்ட் என்று பெயர் வைத்த காரில் எச் எழுத்துள்ள ஆல்-சீசன் டயர் (எல்லாப் பருவத்துக்கும் செய்தது) இருந்தால், பட்டியலில் சொகுசுக்கும் மைலேஜுக்கும் முதலிடம் போயிருக்கிறது என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

அடுத்து, பெயருக்கு அருகே ஒரு சின்னக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பி.எம்.டபிள்யூவுக்குச் செய்ததில் நட்சத்திரம் இருக்கும், மெர்சிடிஸுக்கு எம்.ஓ, ஆடிக்கு ஏ.ஓ, போர்ஷேக்கு என்0, என்1 என்று வரிசை, டெஸ்லாவுக்கு டி0, டி1, ஆல்ஃபா ரோமியோவுக்கு ஏ.ஆர். இப்படிக் குறி இருந்தால் அந்த டயர் அந்த நிறுவனத்தின் காருக்கென்று மாற்றிச் செய்யப்பட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கலவை, உள் பட்டைகள், ட்ரெட் ஆழம் வேறாக இருக்கலாம். உங்கள் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் பார்த்த மதிப்பெண் கடை டயருக்குக் கிடைத்தது. உங்கள் காரில் இருப்பது அதன் உடன்பிறப்பு. குறி இல்லாமலும் இப்படி மாற்றிச் செய்வதுண்டு. பல கார் நிறுவனங்கள் குறியே போடுவதில்லை.

இரண்டையும் ஒப்பிட எளிய வழி ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடப்பில் உள்ள டயர் லேபிள் விதிப்படி, ஒவ்வொரு டயரும் ஈப்ரெல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிவாக வேண்டும். உருளும் தடைக்கும் ஈரப்பிடிப்புக்கும் ஏ முதல் இ வரை தரம், வெளிச் சத்தத்துக்கு டெசிபல். குறி போட்ட டயருக்குப் பல சமயம் தனிப் பதிவே இருக்கும். டயரின் பெயரையும் அளவையும் வைத்துத் தேடிப் பார்த்தால், கடை டயர் ஈரப்பிடிப்பில் ஏ, உருளும் தடையில் சி என்றும், காருக்கென்று செய்தது ஈரப்பிடிப்பில் பி, உருளும் தடையில் ஏ என்றும் தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதற்கு அதை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: அந்த டெசிபல் எண், கார் கடந்து போகையில் வெளியே நிற்பவருக்குக் கேட்கும் சத்தம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பதை அது சொல்லாது.

அமெரிக்க முறையில் தரம் பொறித்த டயராக இருந்தால் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். 200 முதல் 340 வரை என்றால் பிடிப்புக்காகச் செய்த கோடை டயர், 500-க்குப் பக்கம் என்றால் நீண்ட நாள் உழைக்கச் செய்தது என்று மேலோட்டமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம். சாலையில் சுமார் 11,600 கி.மீ. ஓட்டிப் பார்த்து, மீதியைக் கணக்குப் போட்டு, டயர் நிறுவனமே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் எண் அது. பக்கத்திலுள்ள டிராக்‌ஷன் (பிடிப்பு) ஏ.ஏ, ஏ என்ற எழுத்தும் ஈரத் தளத்தில் சக்கரத்தைப் பூட்டி நேர்கோட்டில் இழுத்துப் பார்த்தது மட்டுமே. வளைவில் எப்படி, தேங்கிய நீரில் எப்படி என்பதற்கு அதில் பதில் இல்லை.

சரி, காரை ஓட்டிப் பார்க்கும் கட்டத்துக்கு வருவோம். அதற்கு முன் காற்றழுத்தம். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரும் வரை மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு டயர் தட்டையாகாமல் இருக்கக் காற்றை அதிகமாக அடைத்து அனுப்புவது வழக்கம். ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டும். குறைக்காமலே கைக்கு வந்த கார்கள் ஏராளம். இரைச்சல், குதிப்பு, மழையில் முன்பக்க நழுவல் மூன்றுக்குமே அதிகக் காற்று ஒரு காரணமாக முடியும். ஆகவே முதல் வேலையாக, இரவு முழுக்க நின்ற காரில், காலையில் வெயில் படுவதற்கு முன் நல்ல கேஜ் ஒன்றை வைத்து நான்கு டயரையும் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர்தான் கணக்கு. பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அழுத்தம் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பின்பற்றக் கூடாது. ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருந்தால், முதலாவது இரண்டு மூன்று பேர் மட்டும் போகும்போது, மற்றது முழுச் சுமைக்கு. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி மாறினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ மாறும், நீண்ட தூரம் ஓடிய டயரில் 4, 5 பி.எஸ்.ஐ கூடத் தெரிவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

புது டயரின் மேல் தோலில் அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்குப் பூசும் பொருளின் எச்சம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பிடிப்பு முழுமையாக வராது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், எனவே அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. வீல் அலைன்மென்டை (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை) மட்டும் ஒருமுறை அளந்து தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் காரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். லாரியில் கட்டி இழுத்து வந்த கார் அது. அளக்காமலே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. ட்ரெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் போல விரலில் இடறியும் இருந்தால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தவறு. உள்விளிம்பு மட்டும் வழித்தெடுத்தது போலத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), சில சமயம் டோவும் சேர்ந்து. இந்த நிலையில் டயரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

காற்றும் கோணமும் சரியான பிறகு இரைச்சலைக் கவனியுங்கள். ஒரே இரைச்சல் என்று நினைப்பது மூன்று வேறு சத்தங்களாக இருக்கும். வேகம் கூடக் கூடச் சுருதி ஏறுகிற மாதிரி ரீங்காரமிட்டால் அது ட்ரெட் வடிவத்தின் சத்தம். கரடான தளத்தில் மட்டும் உறுமி, வழுவழுப்பான தளத்தில் அடங்கினால் அது சாலையின் அதிர்வு, விறைப்பான பக்கச் சுவர் வழியாக உடலுக்குள் வருகிறது. பள்ளத்தில் விழும்போது டங் என்ற ஒரு எதிரொலி கேட்டால், அது டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸ் சுற்றளவில் அதிர்வது. அதைக் குறைக்கத்தான் சில டயர்களின் உட்புறத்தில் பஞ்சு ஒட்டி வருகிறது. உங்களுடையது இரண்டாவது வகை. 45 சீரிஸ் டயரில் அது ஓரளவு இருக்கத்தான் செய்யும். வேறு டயர் போட்டால் குறையலாம், ஆனால் அதற்காக மட்டும் புதுச் செட் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டீயரிங் மந்தமும் அப்படித்தான், அதில் இன்னொரு விஷயமும் உண்டு. புது ட்ரெட் 8 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரமான ரப்பர் கட்டிகள் திருப்பும்போது முதலில் தாங்களே சாய்ந்து, பிறகுதான் காரைத் திருப்புகின்றன. நுண்ணிய வெட்டுகள் நிறைந்த ஆல்-சீசன் டயரில் இது அதிகம். தேயத் தேயக் கட்டிகள் குட்டையாகி, ஸ்டீயரிங் கூர்மையாகும். பாதி தேய்ந்த டயரில் கார் சுறுசுறுப்பாகத் திரும்புவதாக ஓட்டுநர்கள் சந்தோஷப்படுவது இதனால்தான். அதே காலத்தில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் ஆழமிழந்துகொண்டே வருகின்றன. காய்ந்த சாலையில் டயர் மேலும் மேலும் பிடித்துப்போகும், மழையில் மேலும் மேலும் கைவிடும். இந்த இரண்டும் எதிரெதிராகப் போவதால்தான் காய்ந்த சாலை அனுபவத்தை வைத்து டயருக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது மழை. இதை ஊகத்தில் விடாமல் சோதித்தே பாருங்கள். பொதுச் சாலையில் வேண்டாம். ஓட்டுநர் பயிற்சித் திடல், மூடிய மைதானம் மாதிரி யாரும் குறுக்கே வராத இடத்தில், தளம் நனைந்திருக்கும்போது, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேராகப் போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, நிற்கும் வரை காலை எடுக்காதீர்கள். பெடல் துடிப்பது ஏ.பி.எஸ் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கவனிக்க வேண்டியது, எப்போது துடிக்கத் தொடங்குகிறது என்பதை. நல்ல ஈரப்பிடிப்புள்ள டயரில் முன்பக்கம் அழுந்தி, சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கி, அதன் பிறகுதான் துடிப்பு வரும். சுமாரான டயரில் மிதித்த உடனே துடிப்பு, பெல்ட்டில் பெரிய இறுக்கம் இருக்காது, கார் மிதந்து போய் நிற்கும். நின்ற இடத்தைக் குறித்துவைத்து நாலைந்து முறை செய்யுங்கள். முடிந்தால் நல்ல கோடை டயர் போட்ட அதே மாதிரி கார் ஒன்றை அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். பத்துக் கட்டுரை படிப்பதை விட அது அதிகம் சொல்லும்.

பிறகு அகலமான வட்டத்தில் மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள், 30, 35, 40 என்று. ஒரு கட்டத்தில் முன்பக்கம் வெளியே போகத் தொடங்கும். எந்தக் காரிலும், அதிலும் முன்சக்கர இழுவைக் காரில், அது நடக்கும், குற்றமில்லை. போவதற்கு முன் ஸ்டீயரிங் உங்களிடம் சொல்கிறதா என்பதே கேள்வி. கையில் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நழுவினால் அந்த டயரோடு வாழலாம். எந்த அறிகுறியும் இல்லாமல் சட்டென்று விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை எடுத்த பிறகும் தாமதமாகத்தான் பிடித்துக்கொள்கிறது என்றால் அந்த டயர் மழைக்கு ஆகாது. இந்த வித்தியாசத்தை எந்த லேபிளும் காட்டாது.

கோடை டயர், ஆல்-சீசன் என்ற பிரிவையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனியில் அதை ஓட்டவே கூடாது. வெப்பமான இடத்தில் வருடம் முழுக்க ஓட்டுபவருக்கோ மழையிலும் வெயிலிலும் அதைப் போலப் பிடிக்கிற வேறு டயர் இல்லை. ஆல்-சீசனைக் காரோடு கொடுப்பது எல்லா வானிலையிலும் விற்க வேண்டியிருப்பதால். குளிரே இல்லாத இடத்தில் ஓடும் ஸ்போர்ட் செடானில் ஆல்-சீசன் மாட்டியிருந்தால், உங்களுக்குத் தேவைப்படாத ஒன்றுக்காகத் தேவைப்படுகிற பிடிப்பை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். காரோடு வந்த டயரைச் சீக்கிரமே மாற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் மிக நியாயமான காரணம் இதுதான்.

ரன்-ஃபிளாட் டயர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். காற்றே இல்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. வரை போகும்படி பக்கச் சுவரைத் தடிமனாக்கியிருப்பார்கள். எடையும் விறைப்பும் அதிலிருந்து வருபவை. மாற்றினால் கார் மென்மையாகும், ஆனால் பெரும்பாலும் ஸ்டெப்னி வைக்க டிக்கியில் இடமே இல்லாத கார் அது. பஞ்சர் கிட்டும் சிறிய கம்ப்ரஸரும் வாங்கி வைக்காமல் மாற்ற வேண்டாம். முன்னே ஒரு அளவு, பின்னே அகலமான வேறு அளவு போட்ட கார்களில் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது, பின் டயர்கள் விரைவில் தீரும், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் ஆழம் அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். 5,000 கி.மீ. கழித்து மறுபடி. 8-ல் தொடங்கி 7.2-க்கு வந்திருந்தால், 3 மி.மீ.க்கு வர மொத்தம் ஏறத்தாழ 31,000 கி.மீ. ஆகும் என்று நீங்களே போட்டுவிடலாம். நான் 1.6 மி.மீ. சட்ட எல்லையை விட்டு 3 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: 3-க்குக் கீழே ஈரத்தில் நிற்கும் தூரம் வேகமாக நீளத் தொடங்குகிறது. புது டயரில் மட்டும் ஈரப்பிடிப்பைச் சோதித்தால் போதாது என்பதை விதியெழுதுபவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிதாக ஒப்புதல் பெறும் டயர் வகைகள் தேய்ந்த நிலையிலும் அந்தச் சோதனையில் தேற வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால் சிலவற்றில் கறாராக இருங்கள். தாங்கும் எடை எண்ணும் வேக எழுத்தும் ஸ்டிக்கரில் உள்ளதை விடக் குறையக் கூடாது. 95-க்குப் பதில் 91 கொடுத்து "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள்: பக்கச் சுவரில் டி.ஓ.டி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தில் 2325 என்றிருந்தால் 2025-ன் 23-வது வாரம். நான்கையும் சேர்த்து மாற்றுவது நல்லது. இரண்டுதான் முடியும் என்றால், எந்தச் சக்கர இழுவையாக இருந்தாலும் புதியவை பின்னால் போக வேண்டும். முன்பக்கம் நழுவினால் ஆக்சிலரேட்டரை எடுத்துச் சமாளிக்கலாம். மழையில் பின்பக்கம் நழுவினால் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கர இழுவைக் கார்களில் இன்னும் கட்டுப்பாடு அதிகம். சுபாரு நிறுவனம் டயர்களின் சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ட்ரெட் ஆழத்தில் அது வெறும் 1 மி.மீ.

குறி போட்ட அதே வகையைத்தான் வாங்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போர்ஷே மாதிரிக் கார்களில், பின்பக்க அகல டயரும் அதிவேகமும் சேரும் இடத்தில், குறியை விட மாட்டேன். சாதாரண ஸ்போர்ட் செடானில் அளவும் எடை எண்ணும் சரியாக இருந்து, நான்கும் ஒரே வகையாக இருந்தால், நல்ல கடை டயர் தாராளமாகப் போதும். மைலேஜ் முதலில் சற்று இறங்கும். புது டயரின் முழு ட்ரெட் எப்போதும் தேய்ந்ததை விட அதிகத் தடை கொடுக்கும், தவிர தேய்ந்த டயரின் சுற்றளவு குறைந்து ஓடோமீட்டர் இதுவரை கூட்டிக் காட்டியிருக்கும். 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 1.8 சதவீதம் குறைகிறது. இறக்கத்தில் ஒரு பங்கு வெறும் கணக்கு வித்தியாசம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை காற்றைப் பாருங்கள், இந்த வாரம் அலைன்மென்ட், அடுத்த மழைக்குத் திடலில் பிரேக்கும் வட்டமும். காற்றைச் சரிசெய்ததும் முன்பக்க நழுவல் அடங்கினால், இந்த டயரையே 3 மி.மீ. வரை ஓட்டுங்கள்; இரைச்சலும் மந்தமும் அதற்குள் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும், வராவிட்டால் அடுத்த செட்டில் பார்த்துக்கொள்ளலாம். அடங்காமல், எச்சரிக்கையின்றி விடுகிற டயர் என்று தெரிந்தால், 3,000 கி.மீ.தான் ஓடியது என்று தயங்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். கழற்றிய செட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லீஸ் காராக இருந்தால் திருப்பிக் கொடுக்கும்போது மாட்ட உதவும், சொந்தக் கார் என்றால் இவ்வளவு குறைவாக ஓடிய டயருக்கு வாங்க ஆள் உண்டு. விற்கும்போது மழையில் எப்படி இருந்தது என்பதையும் சொல்லி விற்றுவிடுங்கள்.